சமையற்காரனைத் தளபதியாக்கிய பேச்சு

“ஒரு வீரன் சண்டைக் களத்திலை பாதிதான் வீரனாகிறான். மிச்சப் பாதி மைக்கிலைதான் ஆகிறான். அந்த மிச்சப் பாதியைச் செய்து குடுக்கக்கூடிய ஆள் இந்தப் பலேர்மோவிலை ஒரே ஒராள்தான்.”

சொல்லிவிட்டு அந்த ஒரே ஆள் தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. கோபாலசிங்கம் எதைப் பற்றியும் பகிடி விடுவார், தன்னைப் பற்றி மட்டும் விடமாட்டார். அதில் அவருக்கு ஒரு பக்தி இருந்தது.

போர்கோ வெக்கியோவில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஏர்னஸ்றின் வீட்டுக் குசினியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தொண்ணூற்று நான்காம் ஆண்டு மார்கழி. தமிழ்க் கலை மன்றத்தின் நத்தார் ஒளிவிழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். கால்சாவில் கோயில் மண்டபம் கிடைத்துவிட்டது. கரோல் பாட ஆட்கள் இருந்தார்கள். பாலன் குடிலுக்கு அட்டையில் வெட்டிய ஆடுகள்கூடத் தேவைக்கு மேலேயே இருந்தன. பிரதம விருந்தினர் மட்டும் இல்லை. எல்லாருடைய பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிப் பத்திரங்களையும் பார்த்துக் கொடுக்கிற இத்தாலியச் சட்டத்தரணி வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் முந்தின நாள் தன் வீட்டுப் படியில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார்.

பிரதம விருந்தினர் இல்லாமல் தமிழன் விழா தொடங்கமாட்டான். விளக்கேற்ற ஒருவர் வேண்டும். மாலை போட ஒரு கழுத்து வேண்டும். அதைவிட முக்கியமாக, முகத்துக்கு நேரே புகழப்படும்போது எழுந்து ஓடாமல் இருக்கக்கூடிய ஒரு பொறுமைசாலி வேண்டும்.

மன்றத் தலைவர் ஏர்னஸ்ற் மன்னார்க்காரர், நிதானமான மனிதர். அவர்தான் யோசனையைச் சொன்னார்.

“உங்கடை வீட்டுக்கு மேல்மாடியிலை இருக்கிற கொட்வினைக் கூப்பிட்டால் என்ன, சிங்கம்? ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மெடல் குத்திக்கொண்டு வாறவர். பயாப்ராச் சண்டையிலை வீரத்துக்குக் குடுத்ததாம். நைஜீரியாவிலை இருந்து பிரிஞ்சு போகப் பாத்த நாடு.”

“பயாப்ரா எனக்குத் தெரியாதோ? ஆளைத்தான் யோசிக்கிறன். அந்தக் குனிஞ்சு பாக்கிற மனுசனையோ?”

கோபாலசிங்கம் எழுந்தார். கொட்வினுடைய பழக்கம் கோயிலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். பூசை முடிந்து சனம் வெளியேறும்போது அவர் வெளியேறமாட்டார். கடைசி ஆள் போகும்வரை நின்று, ஒவ்வொரு வாங்குப் பலகையாகப் போய்க் குனிந்து கீழே பார்ப்பார். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் திரையை விலக்கிப் பார்ப்பார். பிறகுதான் வாசலைத் தாண்டுவார். பஸ்சிலும் அப்படித்தான், கடைசியாகத்தான் இறங்குவார், அதுவும் சீற்றுக்குக் கீழே பார்த்துவிட்டு. கோபாலசிங்கம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, மேசைக்குக் கீழே குனிந்து, “பூஸ்… பூஸ்… பூனைக்குட்டி நிக்கிறியோ?” என்றார். குசினியே குலுங்கியது.

“மேசைக்குக் கீழை என்ன கண்டனீங்கள், சிங்கம் அண்ணை?” என்று கேட்டான் ஸ்ரீபன்.

“உன்ரை பேச்சுத் திறமையைத்தான் தேடினனான், தம்பி. காணேல்லை.”

ஸ்ரீபனுக்கு இருபத்து நாலு வயது. மேடையேறினால் “வணக்கம், புவோனசேரா, எல்லாரும் சந்தோசமா இருங்கோ” என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவான். சனம் அவனுக்குத்தான் பலமாகக் கைதட்டும். இது கோபாலசிங்கத்துக்கு விளங்காத மர்மம். இறங்குவதற்கு ஒருவனுக்குக் கைதட்டுவார்களா?

சிரிப்பு அடங்கியதும் ஏர்னஸ்ற் தொண்டையைச் செருமினார்.

“ஒண்டு சொல்லவேணும். போன வருசம் நீங்கள் சுவாமியை அறிமுகம் செய்யத் தொடங்கினீங்கள். சுவாமி இடையிலை எழும்பிப் போய் ஒரு பூசை வைச்சிட்டு வந்து திரும்ப இருந்தவர். நீங்கள் அப்பவும் அறிமுகம்தான் செய்துகொண்டு நிண்டனீங்கள்.”

“சுவாமியின்ரை வாழ்க்கை விரிவானது.”

“இருக்கட்டும். சனம் எல்லாம் குசினிக்குள்ளை போய் றோல்ஸ் திண்டிட்டுது. இந்த முறையும் அப்பிடி நடந்தால் இனி மைக் ஸ்ரீபனுக்கு. கமிற்றி முடிவு.”

திங்கள் முதல் சனி வரை கோபாலசிங்கம் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் சேர்ட்டுகளுக்கு அயன் பண்ணுகிறவர். அந்த வீட்டில் அவருடைய பெயர் ‘சிங்கோ’. கழுத்துப்பட்டியில் ஒரு மடிப்பு விழுந்தால் அந்தச் சிங்கோவைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். வருஷத்தில் ஒரு நாள், ஒரேயொரு நாள், ஒலிவாங்கிக்கு முன்னால் மட்டும்தான் அவர் கோபாலசிங்கம். அதையும் ஸ்ரீபனிடம் கொடுப்பதா?

“சரி, கொட்வினையே கூப்பிடுவம்,” என்றார். “பாதி வீரனாத்தானே இருக்கிறார். முழுசாக்கித் தாறன்.”

கொட்வினுக்கு ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். கால்சாவில் பழைய மாளிகைகளைத் திருத்துகிற இடத்தில் கல் சுமந்தார். ஒரே படியில் ஏறி இறங்கியும் கோபாலசிங்கம் அவரோடு ‘புவோன் ஜோர்னோ’வைத் தாண்டிக் கதைத்ததில்லை. அதற்குக் காரணம் சந்தையில் மீன் விற்கிற கிழவன். அவன் இருவரையுமே ‘துர்க்கு’ என்றுதான் கூப்பிடுவான். அந்த ஊர்க்காரருக்குக் கறுத்த தோல் உள்ளவன் எவனும் துருக்கியன்தான். கோபாலசிங்கத்துக்கு இதில் இரண்டு கோபம். தன்னைத் துருக்கியன் என்றது ஒன்று. கொட்வினோடு சேர்த்துச் சொன்னது மற்றது. முதலாவதை ஊருக்கெல்லாம் சொன்னார். இரண்டாவதை மனைவி குகனேஸ்வரியிடம் மட்டும் சொன்னார். அவள் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

வாழ்க்கை வரலாறு எடுப்பதற்காக ஒரு ஞாயிறு பின்னேரம் மேல்மாடிக்கு ஏறினார். கொட்வின் கதிரையைத் துடைத்துப் போட்டார், தேத்தண்ணீர் ஊற்றினார், முதுகை நிமிர்த்தி எதிரே உட்கார்ந்தார். விசாரணைக்குக் கூட்டிவந்த ஆள் மாதிரி இருந்தார். இருவரும் கதைத்தது பாதி இத்தாலியன், பாதி ஆங்கிலம். இரண்டிலும் இருவருக்கும் சமமான தட்டுப்பாடு.

“எத்தினை எதிரியளைச் சுட்டனீங்கள்?”

“தெரியாது. சுடேக்கை கண்ணை மூடிடுவன்.”

கோபாலசிங்கம் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ‘எண்ணற்ற’ என்று எழுதினார்.

“காயம் பட்டதோ?”

“ஓம். கால் பெருவிரலிலை.”

“குண்டோ?”

“இல்லை. சப்பாத்து சின்னன்.”

‘விழுப்புண்’ என்று எழுதினார். இவ்வளவு நேரத்துக்குள்ளேயே அவருக்கு நெற்றி வியர்த்துவிட்டது. இந்த மனுசனிடமிருந்து வீரத்தை எடுப்பது காய்ந்த தேசிக்காயைப் பிழிகிற வேலையாக இருந்தது.

“சரி, மெடலுக்கு வருவம். என்னத்துக்குத் தந்தவை?”

கொட்வின் யோசித்துச் சொன்னார். அவர்களுடைய படைப்பிரிவு பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆறு, ஒரு மரப்பாலம். கடந்ததும் பாலத்தை உடைக்க வேண்டும். எல்லாரும் கடந்துவிட்டார்கள் என்று அதிகாரி சொன்னார். கொட்வின் திரும்பி ஓடினார். சமையற்காரனைக் காணவில்லை.

“அந்தக் குழப்பத்துக்குள்ளை சமையற்காரன் இல்லையெண்டு எப்பிடித் தெரிஞ்சது?”

“ஒருத்தரும் எங்களை ஏசேல்லை. அவன் எப்பவும் ஏசிக்கொண்டுதான் வருவான். அண்டைக்குப் பின்னாலை சத்தமே இல்லை.”

சமையற்காரன் அக்கரையில் கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்தான். பெரிய அலுமினியப் பானை பக்கத்தில் கிடந்தது. அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றான். வாக்குவாதப்பட நேரமில்லை. கொட்வின் அவனைத் தூக்கினார், அவன் பானையைத் தூக்கினான். பாலத்தில் வரும்போது பானையில் இரண்டு சன்னம் பட்டது. அதற்கும் அவன் கொட்வினைத்தான் ஏசினான்.

“சமையற்காரன்,” என்றார் கோபாலசிங்கம்.

“ஓம்.”

“ஒரு கேணல், ஒரு கப்டன்… அப்பிடி ஆரும் அக்கரையிலை நிக்கேல்லையோ? நல்லா யோசிச்சுப் பாருங்கோ.”

“இல்லை. அவை முதலே கடந்திட்டினம்.”

“சமையற்காரனைத் தூக்கினதுக்கு ஆர் மெடல் தருவினம்?”

“மெடல் ஒண்டுதான் வந்தது. எனக்கு முதல் குடுக்கவேண்டிய ஆக்கள் மூண்டு பேர் இருந்தவை. அவை செத்துப் போச்சினம். நான் நிண்டனான்.”

“பிறகு?”

“பிறகு கொஞ்ச நாளிலை நாடு முடிஞ்சுது. மெடல் இருக்குது.”

கோபாலசிங்கம் பேனையை மூடினார். அப்போதுதான் கொட்வின், கேட்காமலே இன்னொன்று சொன்னார். அன்றைக்குப் பின்னேரம் அந்தப் பானையில் சமைத்துச் சாப்பாடு போட்டபோது இரண்டு கோப்பை மிஞ்சியது. இரண்டு பெடியள். அதிகம் வாய் திறக்காத பெடியள். அவர்களும் அக்கரையில் நின்றிருக்கிறார்கள். பாலம் அப்போது இல்லை.

“அவையளை நான் பாக்கேல்லை,” என்றார் கொட்வின். “அதாலைதான் இப்ப பாக்கிறனான்.”

“அதை விடுவம். சபைக்குச் சரிவராது.”

“ஓம்,” என்றார் கொட்வின். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

கீழே வந்த கோபாலசிங்கம் கலண்டர் தாளைக் கட்டிலில் எறிந்தார். குகனேஸ்வரி மருந்துப் பம்பை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். குளிர் தொடங்கினால் அவளுக்குத் தொய்வு கூடி மூச்சு இழுக்கும். புகை, தூசி, எண்ணெய் வாடை ஒன்றும் ஆகாது. டொக்டர் சொன்னதும் அதுதான், அவள் செய்கிற வேலையும் அதுதான். ஒரு வீட்டில் சமையல், இன்னொரு வீட்டில் தூசி தட்டுவது.

“சமையற்காரனாம்! சமையற்காரனையும் பானையையும் தூக்கினாராம்! நான் இதை வைச்சுக்கொண்டு என்னத்தைப் பேசிறது?”

குகனேஸ்வரி மூச்சை விட்டாள். “ஏன், சமையற்காரன் மனிசன் இல்லையோ? நாங்கள் இஞ்சை என்ன கலெக்டர் வேலையோ பாக்கிறம்?”

“நான் சமைக்கிறேல்லை,” என்றார் கோபாலசிங்கம் கம்பீரமாக. “நான் அயன் பண்ணிறனான்.”

அன்றிரவு கோபாலசிங்கத்தின் பேனை முனையில் சமையற்காரன் தளபதியானான். பானை கேடயமானது. மரப்பாலம் தீப்பற்றியது. இவ்வளவு வேகமான பதவி உயர்வு எந்தப் படையிலும் நடந்திருக்காது.

விழா அன்று பின்னேரம் கால்சா மண்டபம் நிறைந்துவிட்டது. பிரான்காச்சோ அடுக்குமாடிகளில் இருக்கிறவர்கள்கூட இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சின்னக் குசினி. அதற்குள் குகனேஸ்வரி காலையிலிருந்தே றோல்சும் வடையும் பொரித்துக்கொண்டிருந்தாள்.

கோபாலசிங்கம் போன வருஷத்திலிருந்து பாடம் படித்தவர். பேச்சைச் சுருக்கலாம் என்ற பாடம் அல்ல. குசினிதான் எதிரி என்ற பாடம். சிற்றுண்டிக்கு வழி திறந்திருந்தால் எந்தச் சபையும் நிலைக்காது. எனவே மண்டபச் சாவிக்காரரான பிப்போ என்ற கிழவரைப் பிடித்துக் காதோடு சொன்னார்.

“நான் மேடையிலை ஏறின உடனை குசினியை வெளியாலை பூட்டு. நான் முடிச்ச பிறகுதான் திறக்கவேணும்.”

பிப்போவுக்கு இது விசித்திரமாகப் படவில்லை. அவர் நாற்பது வருஷமாகப் பிரசங்கங்களுக்கு இடையே சாவி தூக்கியவர்.

மனைவியையும் கோபாலசிங்கம் மறக்கவில்லை. முன் வரிசையில், மேடைக்கு நேரே, நடுக் கதிரையில் தன் கோட்டைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்திருந்தார். பேச்சாளனுக்கு எதிரே தலையாட்ட ஒரு முகம் வேண்டும். “ஏழு மணிக்கு வந்து இருந்திடும், என்ன?” என்று குசினி வாசலில் நின்று சொன்னார். “ஓம், ஓம்,” என்றாள் உள்ளே இருந்து. கொட்வின் அந்த நேரம் அவள் கொடுத்த தேத்தண்ணீரை நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தார்.

விளக்கு ஏற்றியாயிற்று. கரோல் முடிந்தது. கொட்வின் பழைய கறுப்புக் கோட்டில் மெடல் குத்தி, கழுத்தில் கார்னேசன் மாலையோடு மேடையில் அமர்ந்திருந்தார். ஸ்ரீபன் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வயர்களோடு இருந்தான். கோபாலசிங்கம் ஒலிவாங்கியைத் தட்டினார், ஊதினார், தன் உயரத்துக்கு இறக்கினார். பின்பக்கத்தில் பிப்போ சாவியைத் திருப்பினார். சாவியைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூலைக் கடைக்குக் கோப்பி குடிக்கப் போனார்.

“அவையோரே!”

முன் வரிசை நடுக் கதிரை வெறுமையாக இருந்தது. கோபாலசிங்கத்தின் கோட்டு மட்டும் அதில் அமர்ந்து அவரைப் பார்த்தது.

வேண்டுமென்றுதான் வரவில்லை, என்று நினைத்தார். கலெக்டர் வேலை என்று நக்கலடித்தவள்தானே. சரி, வராமல் இருக்கட்டும், கேட்காதவளுக்குத்தான் நட்டம். அந்தக் கோபத்தில் குரல் இன்னும் எடுப்பாக வந்தது.

“கார்முகில் கண்டு நாணும் கரிய மேனி! கருங்கல் கண்டு நாணும் வயிர நெஞ்சு! எண்ணற்ற பகைவரைக் கண்ணிமைக்காமல் சுட்டு வீழ்த்திய காளை!”

கண்ணிமைக்காமல் என்பது ஒருவகையில் உண்மைதான். மூடிய கண் எங்கே இமைப்பது? சபை அமைதியாக இருந்தது. ஒருவர் எழுந்து பின்பக்கம் போய், குசினிக் கதவைத் தள்ளிப் பார்த்து, திரும்பி வந்து அமர்ந்தார். கோபாலசிங்கத்துக்கு உள்ளே தேன் வார்த்தது. திட்டம் வேலை செய்கிறது. நாலைந்து பக்கம் தாண்டியும் ஒருவரும் குறையவில்லை. ஏர்னஸ்றின் முகத்தில்கூட ஒரு வியப்பு. ஸ்ரீபா, வயரைச் சுற்றிக்கொண்டு இரு தம்பி, மைக் எங்கும் போகாது.

பாலத்துக்கு வந்தபோது பின்பக்கத்தில் ஏதோ ‘டங்… டங்…’ என்று கேட்டது. பெடியள் கதிரையில் தட்டுகிறார்கள் என்று நினைத்துக் குரலை உயர்த்தினார். ஸ்பீக்கர் பெட்டி இரண்டும் சுவர் அதிர முழங்கின. ‘டங்’ அதற்குள் அமுங்கிப் போனது.

“பாலம் பற்றி எரிகிறது! குண்டு மாரி பொழிகிறது! அனைவரும் கடந்துவிட்டார்கள்! ஆனால்… தளபதி எங்கே? ஒருவரும் கவனிக்கவில்லை! ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை! ஒரே ஒருவன்! ஒரே ஒருவன் மட்டும் பார்த்தான்! அவன் யார்? இதோ!”

வலது கையை நீட்டித் திரும்பினார்.

கதிரையில் கார்னேசன் மாலை மட்டும் இருந்தது.

சபையில் எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. கோபாலசிங்கத்துக்குக் காது சுட்டது. மூத்திரத்துக்கு எழும்புகிற நேரமா இது? தளபதியைக் காப்பாற்றுகிற கட்டத்திலா? எத்தனை நாள் மண்டையை உடைத்து எழுதியது! “இதோ, வருவார்!” என்று சமாளித்து, மூச்சை இழுத்து, “அந்த மாவீரன்…” என்று தொடங்கியபோது ஒலிவாங்கி செத்தது.

அவர் ஸ்ரீபனைப் பார்த்தார். ஸ்ரீபன் கையில் வயரோடு நின்றான்.

“டேய்! துரோகி! குத்தடா அதை!”

“கொட்வின்தான் பிடுங்கச் சொன்னவர், அண்ணை. கொஞ்சம் சத்தம் போடாமல் நில்லுங்கோ.”

மண்டபம் அமைதியானது. அந்த அமைதிக்குள் எல்லாருக்கும் கேட்டது. ‘டங்.’ கொஞ்சம் பொறுத்து, முன்னையதைவிட மெல்ல, இன்னொரு ‘டங்.’ அகப்பையால் கதவில் தட்டுகிற சத்தம். குசினிக் கதவுக்குக் கீழால் வெள்ளையாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. கொட்வின் கதவில் காதை வைத்து நின்றார்.

முன் வரிசையின் வெறும் கதிரையை மேடையிலிருந்து இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். ஒருவருக்குக் கோபம் வந்தது. மற்றவர் எழுந்து தேடப் போனார். கோபாலசிங்கத்துக்கு இந்தக் கணக்கு விளங்கியபோது அவர் ஏற்கனவே மேடையிலிருந்து குதித்திருந்தார்.

“பிப்போ! பிப்போ எங்கை? திறப்பு! திறப்பைக் கொண்டாங்கோ!”

பிப்போ கோப்பிக் கடையில் இருந்தார். கொட்வின் எல்லாரையும் கையால் பின்னுக்கு விலக்கினார். தோளைக் கொடுத்து ஒரு இடி. இரண்டாவது இடியில் பூட்டு மரத்தோடு பெயர்ந்து வந்தது.

குகனேஸ்வரி கடைசி ஈட்டு வடைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். பிரான்காச்சோச் சனம் எதிர்பார்த்ததைவிடக் கூட வந்துவிட்டது என்று இன்னும் கொஞ்சம் பொரிக்கப் போனவள். கதவு பூட்டியதைப் பார்த்துத் தட்டி, கூப்பிட்டு, தட்டிக்கொண்டிருந்ததில் எண்ணெய் கருகிவிட்டது. அடுப்பை நிறுத்தியிருந்தாள், ஆனால் புகைக்குப் போக வழியில்லை. சீலைத் தலைப்பை வாயில் பொத்தியபடி நிலத்தில், கதவுக்குக் கிட்ட, அகப்பையோடு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சுக்குள் விசில் அடித்தது. பேச்சு வரவில்லை.

கொட்வின் அவளைத் தூக்கிக்கொண்டு வெளிப்படிக்குப் போனார். எண்ணெய் படாமலிருக்க அவள் பம்பைக் காலையிலேயே கணவனிடம் சொல்லி அவருடைய கோட்டுப் பையில் போட்டிருந்தாள். அந்தக் கோட்டு முன் வரிசையில் இருந்தது. கோபாலசிங்கம் ஓடிப்போய் அதை எடுத்துவந்தார். எந்தப் பை என்று தெரியாமல் இடம் வலம் உள் வெளி எல்லாம் தடவினார். நாள் முழுக்க அடுத்தவர் சேர்ட்டுகளுக்கு அயன் பண்ணுகிற கைக்குத் தன் கோட்டில் ஒரு பை அகப்படவில்லை. குகனேஸ்வரி கோட்டைப் பறித்துத் தானே எடுத்தாள்.

ஒரு இழுப்பு. இன்னொன்று. கடற்காற்று அடித்தது. சனம் மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றி நின்றது. விசில் மெதுவாகக் குறைந்தது. கொட்வின் அவளுடைய முதுகை நிமிர்த்திப் பிடித்திருந்தார். கடைசியில் அவள் கண்ணைத் திறந்து கணவனைப் பார்த்தாள்.

“பேச்சு முடிஞ்சுதோ?”

“இல்லை,” என்றார் கோபாலசிங்கம்.

“அப்பிடியெண்டால் கதவைத் திரும்பப் பூட்டுங்கோ. நான் உள்ளுக்கையே இருக்கிறன்.”

அந்த நேரம் பார்த்துப் பிப்போ திரும்பி வந்தார். பெயர்ந்த கதவைக் கண்டதும் தலையில் கைவைத்துக் கத்தினார். யார் பூட்டச் சொன்னது, எப்போது பூட்டச் சொன்னது, எப்போதுவரை திறக்கக்கூடாது என்று சொன்னது, எல்லாவற்றையும் பலேர்மோத் தெருவுக்கே கேட்கிற மாதிரி, விரலை நீட்டி விளக்கினார். ஒலிவாங்கி இல்லாமலே மிகத் தெளிவான பேச்சு. சபை முழுவதும் விரல் நீட்டிய திசையைப் பார்த்தது. குகனேஸ்வரியும் பார்த்தாள்.

ஏர்னஸ்ற் பக்கத்தில் வந்தார். “சிங்கம், அடுத்த வருசம்…”

“ஸ்ரீபன் செய்யட்டும்,” என்றார் கோபாலசிங்கம்.

அவ்வளவு சின்ன வசனத்தை அவருடைய வாயிலிருந்து அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

பிறகு சனம் உள்ளே போய் றோல்சைத் தின்றது. சனத்துக்கு எந்தத் துயரத்திலும் றோல்ஸ் இறங்கும். கொட்வினை ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். “நன்றி” என்று, ஸ்ரீபன் சொல்லிக்கொடுத்தபடி தமிழில் சொல்லிவிட்டு இறங்கினார். மண்டபம் இடிகிற மாதிரிக் கைதட்டல். கோபாலசிங்கமும் தட்டினார். கையில் கடதாசித் தட்டு இருந்ததால் சத்தம் வரவில்லை.

கொட்வின் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றார்.

“சமையற்காரனைப் பற்றிச் சொன்னீங்களோ?”

“சொன்னனான்.”

“பேரும் சொன்னீங்களோ?”

பேரை அவர் கேட்கவே இல்லை. “பேர் என்ன?” என்றார்.

“மத்தியாஸ்.”

“மத்தியாஸ்,” என்றார் கோபாலசிங்கம். அதோடு எந்த அடைமொழியும் சேர்க்கத் தோன்றவில்லை.

எல்லாம் கழுவி அடுக்கியாயிற்று. பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. சனம் அட்டை ஆடுகளையும் மிஞ்சிய வடைகளையும் பகிர்ந்துகொண்டு வெளியேறியது. ஏர்னஸ்றின் மனைவி குகனேஸ்வரியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். கொட்வின் வழக்கம்போல வாசலில் பின்தங்கி, உள்ளே ஒருமுறை திரும்பினார். கதிரைகளுக்கு இடையே, தலையைச் சரித்து, யாரோ ஒருவர் நிற்பது தெரிந்தது. கொட்வின் சற்று நேரம் பார்த்தார். பிறகு, அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, கடைசி ஆளாக இல்லாமல் படியிறங்கிப் போனார்.

பிப்போ விளக்குகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார். “என்ன தேடுறாய்?”

“குடை,” என்றார் கோபாலசிங்கம்.

அன்று மழை பெய்யவில்லை. பிப்போவுக்கு அது தெரியும்.

கோபாலசிங்கம் முன் வரிசை முடித்து, நடு வரிசை முடித்து, முழங்கால் முறிகிற சத்தத்தோடு குனிந்து மேசைகளுக்குக் கீழே பார்த்தார். கழிப்பறைக் கதவுகளைத் திறந்தார். மேடைத் திரையை விலக்கினார். அங்கே, யாரும் எடுக்காமல் விட்ட ஒரு அட்டை ஆடு சரிந்து கிடந்தது. அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு குசினிக்குப் போய், பூட்டுப் பெயர்ந்த அந்த வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஆரும் நிக்கிறியளோ?” என்று மெல்லக் கேட்டார்.

ஒருவரும் இல்லை. ஆனாலும் உள்ளே போய் இன்னொருமுறை பார்த்தார்.